பார் யார் கணக்கு?

நியூ ஜெர்சி மாநிலத்தின் எடிசன் நகரில், வட பகுதியில் பிளெய்ன்ஃபீல்ட் கன்ட்ரி கிளப் இருக்கிறது. பெயரில்தான் பிளெய்ன்ஃபீல்ட், நிலம் எடிசனுக்குள். டொனால்ட் ராஸ் வடிவமைத்த பழைய கோல்ஃப் மைதானம் அது. 2011 ஆகஸ்டில் அங்கே பார்க்ளேஸ் போட்டி நடந்தது. ஐரீன் புயல் நியூ ஜெர்சியை நோக்கி வந்துகொண்டிருந்ததால், நான்கு சுற்று ஆட வேண்டிய போட்டியை மூன்று சுற்றோடு சனிக்கிழமையே முடித்தார்கள். டஸ்டின் ஜான்சன் வென்றார். பாருக்கு (தேர்ந்த ஆட்டக்காரர் எடுப்பார் என்று எதிர்பார்க்கும் அடிகளின் எண்ணிக்கைக்கு) 19 குறைவு என்று பலகை காட்டியது. 2015 ஆகஸ்டில் அதே போட்டி அதே மைதானத்துக்குத் திரும்பி வந்தது. இம்முறை நான்கு சுற்றும் நடந்தன. ஜேசன் டே வென்றார். அவருக்கும் பாருக்கு 19 குறைவு.

இரண்டு பேரும் சமமாக ஆடினார்களா? அடிகளை எண்ணிப் பார்ப்போம். ஜான்சன் ஆடிய சுற்றுகள் 66, 63, 65. மொத்தம் 194 அடி. டே ஆடியவை 68, 68, 63, 62, மொத்தம் 261. சுற்றுக்குச் சராசரி பார்த்தால் ஜான்சனுக்கு 64.67, டேக்கு 65.25. மூன்று சுற்றில் 19 குறைப்பதும் நான்கு சுற்றில் 19 குறைப்பதும் ஒன்றல்ல என்பது கண்ணுக்குத் தெரிகிறது. கண்ணுக்குத் தெரியாத இன்னொரு மாற்றமும் உண்டு. 2011இல் அந்த மைதானத்தின் பார் 71. 2015இல் 70. பழைய பாரையே வைத்திருந்தால் டேயின் கணக்கு 23 குறைவு என்று அச்சாகியிருக்கும். புதிய பாரை 2011க்குப் போட்டால் ஜான்சனின் 19 குறைவு 16 குறைவாகச் சுருங்கும். இதற்காக யாரும் ஓர் அடிகூடக் கூடுதலாகவோ குறைவாகவோ அடிக்க வேண்டியதில்லை.

இன்னும் பின்னால் போனால், 1987இல் அமெரிக்க மகளிர் ஓப்பன் இதே இடத்தில் நடந்தது. லாரா டேவிஸ், அயாகோ ஒகாமோட்டோ, ஜோஆன் கார்னர் மூவரும் நான்கு சுற்று முடிவில் 285 அடியில் சமமாக நின்றார்கள். மறுபடி 18 குழி ஆடி டேவிஸ் வென்றார். 285 என்பது அன்று பாருக்கு 3 குறைவு, அதாவது பார் 72. பெண்கள் அடிக்கத் தொடங்கும் இடங்கள் வேறு, போட்டிக்குப் போட்டி குழிகளின் நீளமும் மாறும் என்பது உண்மைதான். ஆனாலும் ஒரே நிலத்தில் நடந்த மூன்று போட்டிகளில் பார் 72, 71, 70 என்று இறங்கியிருப்பதைப் பார்க்கும்போது ஒரு கேள்வி எழாமல் இருக்காது. இந்த எண்ணை முடிவு செய்வது யார், எதை வைத்து?

இந்தக் கேள்வி கோல்ஃபைவிடக் கூர்மையாக எழும் விளையாட்டு ஒன்று எடிசனுக்குப் பக்கத்திலேயே ஆடப்படுகிறது. இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பாவுக்குக் கப்பலேறிய படைவீரர்கள் தங்கிய கேம்ப் கில்மர், எடிசனிலும் பிஸ்காடவேயிலுமாகப் பரந்திருந்தது. அதில் ஒரு பகுதி இன்று ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் லிவிங்ஸ்டன் வளாகம். வளாகத்தை ஒட்டிய காட்டுக்குள் மரங்களுக்கு நடுவே சங்கிலி தொங்கும் இரும்புக் கூடைகள் நிற்கின்றன. கோல்ஃப் பந்துக்குப் பதிலாக ஃப்ரிஸ்பீ போன்ற டிஸ்க்கை எறிந்து, அது விழுந்த இடத்திலிருந்து மீண்டும் எறிந்து, எத்தனை குறைந்த எறியில் கூடைக்குள் போடுகிறோம் என்று பார்க்கும் ஆட்டம் இது. பெயர் டிஸ்க் கோல்ஃப்.

பறக்கும் டிஸ்க்குக்கும் நியூ ஜெர்சிக்கும் உள்ள உறவு பழையது. டிஸ்க்கை வைத்து அணிகளாக ஆடும் அல்டிமேட் ஆட்டம் 1968இல் மேப்பிள்வுட்டின் கொலம்பியா உயர்நிலைப் பள்ளியில் பிறந்தது. கல்லூரிகளுக்கு இடையேயான முதல் அல்டிமேட் ஆட்டத்தில் 1972 நவம்பர் 6 அன்று நியூ பிரன்ஸ்விக்கில் ரட்கர்ஸ் அணி பிரின்ஸ்டனை 29–27 என்று வென்றது. சென்னை பெசன்ட் நகர் கடற்கரையில் மாலைகளில் பறக்கும் டிஸ்க்குகளுக்கும் இதுவே பூர்வீகம். டிஸ்க் கோல்ஃப் மட்டும் மேற்குக் கரையில் வேர்விட்டது. ஃப்ரிஸ்பீயின் மேல்பரப்பில் வளையக் கோடுகள் அமைத்து 1967இல் காப்புரிமை பெற்ற எட் ஹெட்ரிக், 1975இல் கலிஃபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் முதல் நிரந்தர ஆட்டக்களத்தை அமைத்தார். அடுத்த ஆண்டு தொழில்முறை டிஸ்க் கோல்ஃப் சங்கமான பிடிஜிஏவைத் தொடங்கினார். சங்கிலிக் கூடைக்கு அவர் பெற்ற காப்புரிமை 1977இல் வந்தது. இன்று உலகம் முழுவதும் போட்டிகளில் கணக்கு எழுதப்படுவது பிடிஜிஏ விதிப்படிதான்.

அந்தக் கணக்கு எழுதும் முறையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பாரைப் பற்றிய பல குழப்பங்களுக்கு அதிலேயே விடை இருக்கிறது.

டிஸ்க் கோல்ஃபில் ஒவ்வொரு குழுவோடும் நடுவர் நடப்பதில்லை. நாலைந்து பேர் சேர்ந்து ஒரு குழுவாகக் களத்தைச் சுற்றுகிறார்கள். ஆடுகிறவர்களும் அவர்களே, சாட்சிகளும் அவர்களே, கணக்கு எழுதுகிறவர்களும் அவர்களே. எழுதும் பொறுப்பை முறைவைத்து மாற்றிக்கொள்கிறார்கள், அல்லது யாராவது ஒருவர் விரும்பி ஏற்கிறார். ஒரு கூடைக்குரிய மதிப்பெண் என்பது எறிந்த எறிகளும் அபராத எறிகளும் சேர்ந்த கூட்டுத்தொகை. டிஸ்க் எல்லைக் கோட்டுக்கு வெளியே விழுந்தால் ஓர் அபராத எறி. மூன்று நிமிடம் தேடியும் டிஸ்க் கிடைக்காவிட்டால் அதற்கும் ஒன்று. ஒவ்வொரு கூடை முடிந்ததும் ஆடியவர் தன் எண்ணிக்கையைக் குழு முழுவதும் கேட்கும்படி சொல்ல வேண்டும். எழுதுகிறவர் அதை எழுதி, எல்லோருக்கும் கேட்கும்படி திருப்பிப் படிக்க வேண்டும். யாருக்காவது மாறுபாடு இருந்தால் அங்கேயே நின்று அந்தக் கூடையின் எறிகளை முதலிலிருந்து நினைவுகூர்ந்து சரிபார்க்க வேண்டும்.

இதைச் சடங்கு என்று நினைத்துவிடக் கூடாது. மனித நினைவு எங்கே தவறுகிறது என்பதை அறிந்து வைத்த காவல் இது. ஒருவர் தன் எறிகளை மறப்பது குறைவு. அபராத எறியைச் சேர்க்க மறப்பதுதான் வழக்கம். புதருக்குள் டிஸ்க்கைத் தேடிக்கொண்டிருந்தவர் கூடைக்கு வந்து சேரும்போது, எல்லை தாண்டியதற்கான அந்த ஒன்று மனத்திலிருந்து நழுவியிருக்கும். கூட வந்தவர்களில் ஒருவருக்காவது அது நினைவிருக்கும். எண்ணை வாய்விட்டுச் சொல்வதால் ஒருவருடைய நினைவு மற்றவர்களுடைய நினைவோடு மோதிச் சரிபார்க்கப்படுகிறது.

அடுத்த விதி எனக்கு மிகவும் பிடித்தது. அட்டையில் எழுதப்படுவது எறிகளின் எண்ணிக்கையாக இருக்க வேண்டும். பாரிலிருந்து எவ்வளவு கூட, எவ்வளவு குறைய என்று எழுதுவது கணக்காகாது. காகித அட்டை புழங்கிய காலத்தில், பார் எடுத்தவருக்குக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டு, மற்றவர்களுக்கு மட்டும் எண் எழுதும் பழக்கம் பலருக்கு இருந்தது. விதிப்புத்தகம் அதைப் பெயர் சொல்லியே தடுத்தது: எண் அல்லாத எதை எழுதினாலும், பார் என்று காட்டக் கட்டத்தை வெறுமையாக விட்டாலும் அபராதம். காரணம் தெளிவானது. வெறுங்கட்டம் பார் என்றும் பொருள்படும், எழுத மறந்தார்கள் என்றும் பொருள்படும். எண்ணுக்கு அந்த இரட்டைப் பொருள் கிடையாது.

ஆட்டம் முடிந்து 30 நிமிடத்துக்குள் அட்டையைக் கொடுத்துவிட வேண்டும். கொடுத்த பிறகு ஒருவருடைய கணக்கில் தவறு தெரியவந்தால், சரியான மொத்தத்தைப் போட்டு அதோடு இரண்டு எறிகளைச் சேர்ப்பார்கள். தவறு தனக்குச் சாதகமாக இருந்தாலும் பாதகமாக இருந்தாலும் இரண்டுதான். கோல்ஃபின் பழைய வழக்கத்தோடு இதை ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும். 1968 மாஸ்டர்ஸ் போட்டியின் கடைசி நாளில் அர்ஜென்டினாவின் ரொபெர்டோ டி விசென்சோ 17ஆம் குழியை 3 அடியில் முடித்தார். உடன் ஆடிய டாமி ஆரன் அட்டையில் 4 என்று எழுதிவிட்டார். டி விசென்சோ கவனிக்காமல் கையெழுத்திட்டார். எடுத்தது 65, எழுத்தில் நின்றது 66. பாப் கோல்பியோடு சமமாகி மறு ஆட்டம் ஆடியிருக்க வேண்டியவர், அந்த ஒரு எண்ணால் பட்டத்துக்கு வெளியே நின்றார். உலகமே தொலைக்காட்சியில் பார்த்த மூன்றை அட்டையிலிருந்த நான்கு வென்றுவிட்டது. டிஸ்க் கோல்ஃப் விதி நடந்ததை நடந்தபடி வைத்துக்கொண்டு, கவனக்குறைவுக்குத் தனியாகத் தண்டிக்கிறது. இரண்டில் இதுவே நியாயம் என்று நான் நினைக்கிறேன்.

இத்தனை விதிகளிலும் பாருக்கு என்ன வேலை? ஏறக்குறைய எதுவுமில்லை. மொத்த எறிகள் குறைவாக உள்ளவர் வெல்கிறார். களத்தின் பார் 54 என்றாலும் 60 என்றாலும் வரிசை மாறாது. அரிதாகவே பார் நேரடியாகக் கணக்குக்குள் நுழைகிறது. எடுத்துக்காட்டாக, தாமதமாக வந்து ஒரு கூடையைத் தவறவிட்டவருக்கு அந்தக் கூடையின் பாரோடு நான்கைச் சேர்த்து எழுதுவார்கள். பார் 3 என்றால் 7. பார் 5 என்றால் 9. எனவே ஒரு கூடையின் பாரைக் கவனமில்லாமல் போட்டால், தாமதமாக வந்த ஒருவர் அதற்கு நிஜமான எறிகளில் விலை கொடுக்க நேரும்.

சரி, பார் என்றால் என்ன? பிடிஜிஏ சொல்லும் விளக்கத்தின் சாரம் இது: வழக்கமான வானிலையில், தவறில்லாமல் ஆடும் ஒரு தேர்ந்த ஆட்டக்காரர் அந்தக் கூடையில் எடுப்பார் என்று எதிர்பார்க்கப்படும் எண்ணிக்கை, அதை முடிவு செய்கிறவர் போட்டி இயக்குநர். இந்த ஒரே வாக்கியத்தில் மூன்று சிக்கல்கள் இருக்கின்றன. தேர்ந்த ஆட்டக்காரர் யார்? தவறில்லாத ஆட்டம் எது? எதிர்பார்ப்பை எப்படி அளப்பது?

முன்பு இந்த விளக்கத்தில் கூடுதலாக ஒரு சொற்றொடர் இருந்தது. கூடைக்கு அருகில் வந்த பிறகு போட்டு முடிக்க இரண்டு எறி அனுமதிக்கப்படும் என்பது அது. கோல்ஃபிலிருந்து அப்படியே எடுத்தது. கோல்ஃபில் புல்தரையில் பந்தை உருட்டிக் குழியில் தள்ள இரண்டு அடி என்று கணக்கு வைப்பார்கள். பார் 72 உள்ள மைதானத்தில் சரிபாதியான 36 அடி இதற்கே போய்விடும். கோல்ஃபில் இது நியாயமான கணக்குதான், ஏனென்றால் பத்து மீட்டர் தொலைவிலிருந்து பந்தை ஒரே தள்ளலில் குழிக்குள் விடுவது உலகின் சிறந்த வீரர்களுக்கும் அரிது. டிஸ்க் கோல்ஃபில் நிலைமை தலைகீழ். கூடையைச் சுற்றிப் பத்து மீட்டர் வட்டத்துக்குள் வந்துவிட்டால், முன்னணி வீரர்கள் பத்துக்கு எட்டு ஒன்பது முறை முதல் எறியிலேயே சங்கிலியில் மாட்டிவிடுகிறார்கள். அங்கே இரண்டு எறி அனுமதிப்பது, எல்லோருடைய கணக்கிலும் கூடைக்கு ஏறத்தாழ ஓர் எறியை இனாமாகக் கொடுப்பதற்குச் சமம். பூங்காக்களில் 60, 70 மீட்டர் தூரக் கூடைக்கும் பார் 3 என்று பலகை நிற்பதற்கு இந்தக் கடன் வாங்கிய வழக்கமும் ஒரு காரணம்.

இன்னொரு காரணம் வசதி. 18 கூடை, எல்லாமே பார் 3, மொத்தம் 54. மனக்கணக்காகவே போட்டுவிடலாம். நண்பர்கள் கூடி ஆடும்போது இன்றும் பலர் இப்படித்தான் எண்ணுகிறார்கள். அதில் பிழையில்லை. பிழை, அந்த 54ஐ வைத்துக்கொண்டு இந்த ஊர்க் களத்தில் ஆடியதையும் அந்த ஊர்க் களத்தில் ஆடியதையும் ஒப்பிடுவதில் தொடங்குகிறது.

கற்பனையாக ஒரு கூடையை எடுத்துக்கொள்வோம். நூறு தேர்ந்த ஆட்டக்காரர்கள் அதில் ஆடுகிறார்கள். 45 பேருக்கு 2, 50 பேருக்கு 3, ஐந்து பேருக்கு 4. மொத்தம் 260 எறி, சராசரி 2.6. பாரோ முழு எண்ணாக இருந்தாக வேண்டும். 3 என்று போடுகிறோம். விடுபட்ட 0.4 எங்கேயும் போய்விடவில்லை. அது ஒவ்வொரு ஆட்டக்காரரின் கணக்கிலும் குறைவாக வந்து உட்காருகிறது. இப்படி 18 கூடைகள் இருந்தால் தேர்ந்தவரின் சராசரி 46.8. அதாவது பாருக்கு 7 குறைவாக ஆடுகிறவர் அந்தக் கூட்டத்தில் வெறும் சராசரி ஆட்டக்காரர்தான். செய்தியில் அது வீரசாகசம் போல ஒலிக்கும்.

அப்படியானால் சராசரியை முழு எண்ணாக்கிப் பாராக வைத்துவிடலாமா? அதற்கும் ஒரு தடை உண்டு. இன்னொரு கூடையைக் கற்பனை செய்வோம். கூடைக்கு முன்னால் குளம். நூறு பேரில் 45 பேர் குளத்தைத் தாண்டி 3இல் முடிக்கிறார்கள். 35 பேரின் டிஸ்க் தண்ணீரில் விழுந்து, அபராதத்தோடு சேர்த்து 5 ஆகிறது. பத்து பேருக்கு 6. மீதிப் பத்து பேர் மட்டுமே 4 எடுக்கிறார்கள். சராசரி 4.1, முழு எண்ணாக்கினால் பார் 4. ஆனால் அந்த நான்கை எடுத்தவர்கள் பத்து பேர்தான். தவறில்லாமல் ஆடியவர் எடுத்தது 3. தவறியவர் எடுத்தது 5. விதியில் உள்ள தவறில்லாத ஆட்டம் என்ற நிபந்தனையை மதித்தால் இங்கே பார் 3 ஆக வேண்டும். தவறு செய்தவர்களின் எறிகளையும் சேர்த்துச் சராசரி எடுத்தால், குளம் தன் தண்டனையைப் பாருக்குள்ளேயே ஒளித்து வைத்துவிடும்.

எனவே நல்ல பார் என்பது சராசரியைப் பார்த்து மட்டும் போடுவதல்ல. எண்கள் எங்கே குவிகின்றன, எங்கே சிதறுகின்றன, சிதறலுக்கு அபராதம் காரணமா என்று பரவல் முழுவதையும் பார்த்துப் போடுவது. புதிய களமாக இருந்து பழைய கணக்கே இல்லாவிட்டால், தூரத்தை அளந்து, ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் கூட்டிக் கழித்து, மரங்களின் நெருக்கத்தைப் பார்த்து மதிப்பிடுவார்கள். ஆனால் போட்டிகள் நடக்க நடக்க எண்கள் சேரும். எண்கள் சேர்ந்த பின்பும் பலகையில் எழுதிய பழைய பாரைக் கட்டிக்கொண்டிருப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. பிளெய்ன்ஃபீல்டில் பார் 71 என்பது 70 ஆனதை இந்தக் கண்ணோட்டத்தில் பார்த்தால் அதிர்ச்சி குறையும். பார் ஒரு மதிப்பீடு. மதிப்பீடு திருத்தப்படலாம், திருத்தப்படவும் வேண்டும். திருத்தியது எப்போது, ஏன் என்று ஆடுகிறவர்களுக்குச் சொல்லிவிட்டால் போதும்.

தேர்ந்தவர் யார் என்ற முதல் கேள்விக்கு வருவோம். பிடிஜிஏவில் ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் தரப்புள்ளி உண்டு. 1000 புள்ளி பெற்றவர் தேர்ந்த நிலை. களம் அமைப்பவர்களுக்கான வழிகாட்டுதலில் தங்கம், நீலம், வெள்ளை, சிவப்பு போன்ற நிறங்களால் நிலைகளைப் பிரித்திருக்கிறார்கள். தங்க நிலை 1000 புள்ளிக்காரருக்கு, நீலம் 950க்கு, வெள்ளை 900க்கு, சிவப்பு 850க்கு. ஒரே கூடைக்கு நிலைக்கு ஒரு பார் வைக்கலாம். தேர்ந்தவருக்கு 3 ஆக இருக்கும் கூடை, 850 புள்ளிக்காரருக்கு 4 ஆகலாம். எடிசனின் ஓக் ட்ரீ சாலையில் வாரச் சாமான் வாங்கிவிட்டு மாலையில் பிள்ளைகளோடு பூங்காவுக்குப் போகும் குடும்பத்தில் யாரும் இந்த நான்கு நிலைக்குள் வரப்போவதில்லை. பத்து வயதுப் பிள்ளை 30 மீட்டர் எறிந்தால் அது நல்ல எறி. பலகையில் பார் 3 என்று போட்ட 90 மீட்டர்க் கூடையை அந்தப் பிள்ளை 5இல் முடித்தால், அது இரண்டு தவறல்ல. அந்தப் பார் அந்தப் பிள்ளையை மனத்தில் வைத்து எழுதப்பட்டதே அல்ல.

இந்தத் தரப்புள்ளி எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதுதான் இந்த விஷயத்தின் மிக அழகான பகுதி. சக் கென்னடி முதலானோர் 1990களின் பிற்பகுதியில் உருவாக்கிய இந்த முறையில் பாருக்கு இடமே கிடையாது. ஒரு களத்தில் ஒரு நாள் ஒரு சுற்று நடக்கிறது. வந்தவர்களில், ஏற்கெனவே பல சுற்று ஆடித் தரப்புள்ளி நிலைபெற்றவர்களை எடுத்துக்கொள்கிறார்கள். அவர்களுடைய புள்ளிகளையும் அன்று அவர்கள் எடுத்த எறிகளையும் அருகருகே வைத்து, 1000 புள்ளிக்காரர் அன்று அந்தக் களத்தில் எத்தனை எறியில் முடித்திருப்பார் என்று கணிக்கிறார்கள். அது 50 என்று வந்தால், 50 எடுத்த எவருடைய சுற்றும் 1000 பெறுமானம் உள்ளது. அந்த அளவிலான களத்தில் ஓர் எறிக்கு ஏறக்குறைய பத்துப் புள்ளி. 47 எடுத்தவரின் சுற்று சுமார் 1030, 55 எடுத்தவருடையது சுமார் 950. களம் நீண்டு எறிகள் கூடக்கூட ஓர் எறியின் மதிப்பு குறையும்.

இப்போது காற்று வீசுகிறது என்று வையுங்கள். டிஸ்க்கின் எடை 200 கிராமுக்குள்தான். காற்று அதைப் பாடாய்ப் படுத்தும். எல்லோருக்கும் எறிகள் கூடுகின்றன. பலகையில் எழுதிய பார் அசையாமல் நிற்கும், வழக்கமான வானிலைக்கு என்று அதன் விளக்கத்திலேயே இருக்கிறது. தரப்புள்ளி முறையிலோ நிலைபெற்ற ஆட்டக்காரர்களின் எறிகளே காற்றை அளந்து சொல்லிவிடுகின்றன. கணிப்பு 50இலிருந்து 54 ஆகிறது. 54 எடுத்தவருக்கு 1000 கிடைக்கிறது. காற்றுமானி எதுவும் தேவைப்படவில்லை. எடிசனிலிருந்து வடமேற்கே லிபர்ட்டி கார்னரில் தலைமையகம் வைத்திருக்கும் அமெரிக்க கோல்ஃப் சங்கம் இதே சிக்கலை வேறு வழியில் அணுகுகிறது. பயிற்சி பெற்றவர்கள் மைதானத்தில் நடந்து தூரம், மணற்குழி, சரிவு எல்லாவற்றையும் அளந்து ஒரு மதிப்பு கொடுக்கிறார்கள். அங்கே நிலத்தை அளக்கிறார்கள். இங்கே ஆடியவர்களின் எறிகளைக் கொண்டு நிலத்தை அளக்கிறார்கள்.

நம்மவர்களுக்கு இந்தச் சிந்தனை புதிதல்ல. மழை குறுக்கிட்ட கிரிக்கெட் ஆட்டத்தில் டக்வொர்த்–லூயிஸ்–ஸ்டெர்ன் பட்டியல் சொல்லும் பார் ஸ்கோரும் இதே குடும்பம்தான். இத்தனை ஓவர் மீதி, இத்தனை விக்கெட் கையில் என்றால் பொதுவாக எவ்வளவு ஓட்டம் வரும் என்பதைப் பழைய ஆட்டங்களின் குவியலிலிருந்து எடுக்கிறார்கள். கேரளத்துப் பொறியாளர் வி. ஜெயதேவன் வகுத்து தமிழ்நாடு பிரீமியர் லீக் (டிஎன்பிஎல்) போட்டிகளில் புழங்கும் விஜேடி முறையும் அப்படித்தான். அந்த எண் எதைச் சொல்கிறது என்று தெரியாமல் பயன்படுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு 2003 மார்ச் 3 டர்பன் ஆட்டம் சாட்சி. உலகக் கோப்பையில் இலங்கைக்கு எதிராக ஆடிய தென்னாப்பிரிக்காவுக்கு 45ஆம் ஓவர் முடிவுக்கான பார் 229. அது ஆட்டத்தைச் சமனாக்கும் எண்; வெல்வதற்கு 230 வேண்டும். 229 போதும் என்று நம்பிய மார்க் பவுச்சர், முரளிதரனின் ஐந்தாம் பந்தை ஆறுக்கு அனுப்பி 229ஐத் தொட்டுவிட்டு, கடைசிப் பந்தைத் தடுத்து ஆடினார். மழையில் ஆட்டம் அதோடு நின்றது. சமன். போட்டியை நடத்திய நாடே முதல் சுற்றோடு வெளியேறியது.

இவ்வளவு சொன்ன பிறகு பாரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது நன்றாகச் செய்யும் வேலை ஒன்று உண்டு. ஒருவர் ஐந்து கூடை முடித்திருக்கிறார், இன்னொருவர் ஒன்பது முடித்திருக்கிறார்; இருவரில் முன்னால் இருப்பவர் யார்? மொத்த எறிகளை மட்டும் பார்த்தால் தெரியாது. பாரைக் கழித்தால் உடனே தெரியும். டிஸ்க் கோல்ஃப் போட்டிகளில் எல்லாக் குழுக்களும் வெவ்வேறு கூடைகளில் ஒரே நேரத்தில் தொடங்கும் வழக்கமும் உண்டு. அங்கே இந்தக் கழித்தல் இல்லாமல் நடுவழி நிலவரம் சொல்லவே முடியாது. கோல்ஃப் ஒளிபரப்பில் கூட்டல் கழித்தல் கணக்கை வழக்கமாக்கிய பெருமை சிபிஎஸ் தொலைக்காட்சியின் ஃபிராங்க் சிர்கினியனைச் சேரும். பார்வையாளர்களுக்கு அது பெரிய உதவி. ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது மட்டும். ஆட்டம் முடிந்து எல்லோரும் ஒரே எண்ணிக்கையிலான கூடைகளை ஆடிவிட்ட பிறகு, கழித்தல் குறிக்கு அந்தப் போட்டிக்குள் வேலையில்லை. அந்தப் போட்டிக்கு வெளியே அதை எடுத்துப் போனால் அது தவறான தகவல்.

அதனால் உள்ளூர்ப் போட்டி நடத்துகிறவர்களிடமும், சங்கங்களில் குடும்ப விளையாட்டு நாள் ஏற்பாடு செய்கிறவர்களிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. முடிவு அறிவிக்கும்போது மொத்த எறிகளை முதலில் சொல்லுங்கள். பாரை எந்த நிலை ஆட்டக்காரருக்காகப் போட்டீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பிள்ளைகளோடு போகிறவர்கள் முதல் சில வாரம் பலகையைப் பார்க்காமல், கூடைக்கு எத்தனை எறி ஆனது என்று மட்டும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஒவ்வொரு கூடையிலும் பிள்ளைக்கு அடிக்கடி வரும் எண் எது என்று அவர்களையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அதுதான் அந்தப் பிள்ளையின் பார். கை வலுப்படும்போது அது மாறும். மாறிய தேதியையும் நோட்டில் எழுதச் சொல்லுங்கள்.